வைக்கோல் இல்லாமல் ஏழு கிலோமீட்டர்

கார் பந்தயத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை ஊரெல்லாம் விசாரித்துச் சொல்லவில்லை. என்னை வைத்தே சொல்கிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்றுவரை நான்கு சக்கர வாகனம் எதையும் ஓட்டியதில்லை. மூன்று சக்கர வாகனமும் ஓட்டியதில்லை. ஆனால் மூன்று சக்கர வாகனம் ஒன்றை எப்படி ஓட்ட வேண்டும் என்று, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு ஏழு கிலோமீட்டர் தூரம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமையைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைய டைரிப் பக்கம் பக்கத்தில் இருப்பதால் நேரங்களில் பிழை இருக்காது.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தேன். எல்லோரும் ‘லேப் சார்’ என்பார்கள். ஆறு ஆண்டுகளில் என் கையால் ஒரு பிப்பெட்கூட உடைந்ததில்லை. பள்ளியில் கண்ணாடிச் சாமான் எதையாவது இடம் மாற்ற வேண்டுமென்றால் தலைமை ஆசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார்.

வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. ஞாயிறு மாலைகளில் கார் பந்தயம் காட்டுவார்கள். வர்ணனை ஆங்கிலத்தில் இருக்கும். பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். அப்படிக் கேட்டவற்றையெல்லாம் தமிழில் எழுதி வைக்க ஒரு எண்பது பக்க நோட்டுப் போட்டேன். முதல் பக்கத்தில் சிவப்பு மசியில் ‘பந்தய நுணுக்கங்கள்’ என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. உள்ளே வரிசை எண்ணோடு நூற்றுப் பதினான்கு வாசகங்கள். எண் 7: ‘எடைதான் முதல் எதிரி.’ எண் 19: ‘பாரம் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.’ எண் 33: ‘முதுகுக்குப் பின்னால் நடப்பது ஓட்டுபவரின் பிரச்சினை இல்லை.’ எண் 58: ‘ஜெயித்தால் ஓட்டுநர் ஜெயித்தார், தோற்றால் டயர் தோற்றது.’ (இது நகைச்சுவை. பந்தயக்காரர்கள் நிறைய நகைச்சுவை சொல்வார்கள். நான் அதற்கும் வரிசை எண் போட்டேன்.)

என் மனைவி செல்வி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மை செய்துகொண்டிருந்தவள். அந்த ஆண்டுதான் அந்த வேலையை விட்டுவிட்டு, சேத்தியாத்தோப்புச் சாலையில் இருந்த எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, இருபது பிளாஸ்டர் அச்சுகளோடு சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். மண் கரைசலை அச்சில் ஊற்றி, அச்சை ஒட்டிய மண் கெட்டியானதும் மீதியைக் கவிழ்த்து எடுத்துவிட்டு, அச்சைப் பிரித்து, ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்துக் காய வைப்பது வேலை. அப்படிக் காய்ந்தது, சுடாத பச்சைச் சரக்கு. பார்க்க ஜாடி மாதிரியே இருக்கும். உண்மையில் அது, ஜாடி வடிவத்தில் நிற்பதற்குத் தற்காலிகமாகச் சம்மதித்திருக்கும் மண். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

செல்விக்குச் சொந்தப் பெயரில் வந்த முதல் ஆர்டர், மெஹருன்னிசா அக்காவிடமிருந்து. அக்காவின் கணவர் பல ஆண்டுகளாகத் துபாயில். ஊரில் வீட்டையும் உறவையும் கட்டி மேய்ப்பது அக்காதான். மகள் கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், உள்ளங்கையில் அடங்கும் மூடி போட்ட ஜாடி ஒன்றில் சோம்பு மிட்டாய் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இருநூற்று ஐம்பது ஜாடி. செல்வி பதினாறு நாள் வேலை செய்தாள். ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் ‘செல்வி’ என்று ஒரு முத்திரை. “பெரிய கம்பெனிக்காரங்கதான் பேரு போடணுமா என்னா?” என்று கேட்டாள். நான் முத்திரை நேராக விழ ஒரு அட்டைச் சட்டம் வெட்டிக் கொடுத்தேன்.

சிக்கல் சூளையில் இருந்தது. எங்களைப் போன்ற சின்னவர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. ஊரில் இருந்த ஒரு பொதுச் சூளையில், திங்கட்கிழமை சரக்கு அடுக்கி மறுநாள் உள்ளே தள்ளும் டிராலியில் ஒரே ஒரு தட்டு மட்டும் சின்னவர்களுக்கு. முன்பெல்லாம் பெயர் எழுதி வைத்துவிட்டுச் சிலர் சரக்கே கொண்டுவராமல் போனார்களாம். அதனால் சூளை மேஸ்திரி ரத்தினம் ஒரு விதி வைத்திருந்தார்: சரக்கு வந்தால்தான் பெயர். யார் சரக்கு முதலில் வந்து டிராலியில் உட்காருகிறதோ, தட்டு அவருக்கு.

அது வாராவாரம் நல்லூர் கோவிந்தராசு அண்ணனுக்கே போய்க்கொண்டிருந்தது. சொந்த ஊர் நல்லூர், குடியிருப்பு டவுனில். அகல் விளக்கு செய்கிறவர். மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் சரக்கை ஏற்றி, ஏறி மிதிக்காமல் கையால் தள்ளிக்கொண்டே வருவார். ஏழு இருபதுக்கு வருவார். மழையென்றாலும் ஏழு இருபதுதான். முந்தின திங்கள், நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏழு முப்பத்தொன்றுக்கு. பதினொரு நிமிடத்தில் தட்டு போனது.

கல்யாணம் வரும் ஞாயிறு. இந்தத் திங்கள் டிராலியில் ஏறினால் வெள்ளிக்கிழமை சுட்டு, ஆறி, வெளியே வரும். அடுத்த திங்கள் என்றால் மணப்பெண் புகுந்த வீட்டுக்கே போயிருப்பாள். ஆக, இந்தத் திங்களை விட்டால் செல்வியின் முதல் ஆர்டர் கிடையாது.

“கொஞ்சம் முன்னாடி கெளம்புனா சரியாப் போயிடும்ங்க,” என்றாள் செல்வி.

“அது யாரு வேணும்னாலும் செய்யலாம்,” என்றேன்.

“யாரு வேணும்னாலும் செய்யிறத நாமளும் செஞ்சா என்னா?”

என்னிடம் நோட்டு இருந்தது. போக்குவரத்தை என்னிடம் விட்டுவிடு என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிப்பெட் உடைக்காதவன் என்ற பெயர் எனக்கு உதவியது.

“சரி. நான் மொத பஸ்ஸப் புடிச்சிப் போயி டிராலிய கூட்டித் தொடச்சி வைக்கிறேன். நீங்களும் சேகரும் சரக்க எடுத்துக்கிட்டு வாங்க. வைக்கோலு மட்டும் ஒரு சாண் கனத்துக்குப் போட்டுக்குங்க. மூடிய நானே கட்டி வெச்சிடுறேன். அத மடியில வெச்சிக்குங்க, கீழ வெக்காதீங்க.”

சேகர் செல்வியின் தம்பி. லோடு ஆட்டோ வைத்திருந்தான். நல்ல ஓட்டுநர், அதாவது, மெதுவாக ஓட்டுபவன். பச்சைச் சரக்கோடு எங்கள் வீட்டிலிருந்து சூளைக்கு முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வான். நான் பதினான்கு நிமிடம் என்று இலக்கு வைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிளில் அந்தச் சாலையை அளந்தேன். காட்டுப்பாதைப் பந்தயங்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வருவார். அதே முறையில் நாற்பத்தொரு குறிப்புகள் எழுதினேன். ‘உரக்கடை தாண்டி இடது, லேசு. எழுபது அடியில் கல்வெட்டு மேடு, வாய்க்கால் பாலம். பிறகு நேர். வேப்பமரம் வலது, கடுமை.’ பள்ளங்களை வட்டத்தால் குறித்தேன். மூன்று பள்ளங்களின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். (அளந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர், “ரோடு போடப் போறாங்களா தம்பி?” என்று ஆவலாகக் கேட்டார். ஆராய்ச்சி என்றேன். “அதானே பாத்தேன்” என்று போய்விட்டார்.)

திங்கட்கிழமை செல்வி முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், சேகர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, வழக்கம்போல வைக்கோலை அள்ளிப் போட ஆரம்பித்தான்.

“அத எடு,” என்றேன்.

“எத மாமா?”

“வைக்கோல. இது எவ்வளவு எடை இருக்கும்?”

“என்னா, ஒரு ஏழெட்டுக் கிலோ இருக்கும்.”

“எட்டுக் கிலோ தண்டச் சுமை. அதுமட்டுமில்ல, சரக்க ஒரு சாண் மேல தூக்கிடுது. பாரம் தரைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் வளைவுல வண்டி நிக்கும்.”

சேகர் வைக்கோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “அக்கா போடச் சொன்னாங்களே?”

“அக்காவுக்குச் சரக்கு தெரியும். வண்டி நமக்குத் தெரியும்.”

அந்த ‘நமக்கு’ அவனுக்குப் பிடித்திருந்தது போல. வைக்கோலை எடுத்துவிட்டோம். ஜாடி அடுக்கிய பலகைகளைத் தகரத் தளத்தின் மேலேயே நேராக வைத்து, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். முடிச்சுகள் ஒவ்வொன்றும் கச்சிதம். டயர்களுக்கும் முந்தின நாளே கல்லு மாதிரிக் காற்றடிக்கச் சொல்லியிருந்தேன். உருளும்போது தடை குறையும் என்பது எண் 41. ஆக, ஆட்டோவின் இரும்புத் தளத்துக்கும் சாலைக்கும் நடுவில் மிருதுவான பொருள் என்று எதுவும் இல்லாதபடி கவனமாகப் பார்த்துக்கொண்டேன். மூடிகளை மட்டும் செல்வி துணிப்பையில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் வைக்கோல் திணித்துக் கட்டி வைத்திருந்தாள். சொன்னபடி மடியில் வைத்துக்கொண்டேன். சொன்னது எல்லாவற்றையும் மீறுபவன் அல்ல நான்.

6.50. புறப்பட்டோம்.

“உரக்கடை, இடது, லேசு!” என்று படித்தேன்.

“தெரியும் மாமா, தெனமும் போற வழிதானே.”

“நான் படிக்கணும், நீ கேக்கணும். அதான் முறை. எழுபது அடி, கல்வெட்டு மேடு, வேகம் குறைக்காதே!”

கல்வெட்டு மேட்டில் நாங்கள் இருவரும் இருக்கையை விட்டு எழுந்து, மேல் கம்பியில் தலை இடித்து, திரும்ப உட்கார்ந்தோம். பின்பக்கம் ‘கலகல’ என்று ஒரு சத்தம். முறுக்குத் தட்டைச் சாய்த்தது போல.

“மாமா, பின்னால என்னமோ சத்தம் வருது.”

“முதுகுக்குப் பின்னால நடக்குறது ஓட்டுறவரு பிரச்சினை இல்ல.”

“யாரு சொன்னா?”

“முப்பத்து மூணு.”

யாரோ பெரிய ஆள் என்று சேகர் நினைத்துக்கொண்டான்.

வேப்பமரத்து வளைவைத் தாண்டியதும் நோட்டில் அரை கிலோமீட்டர் ‘நேர், முழு வேகம்’ என்று இருந்தது. ஆனால் சாலையில் உளுந்து இருந்தது. அறுவடை செய்த உளுந்துச் செடிகளைச் சாலை முழுவதும் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். ஆள் கூலி மிச்சம். பங்குனி மாதத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ஞாயிறு சாயங்காலம் வரை அங்கே ஒரு செடிகூட இல்லை. என் நாற்பத்தொரு குறிப்புகளில் உளுந்து இல்லை.

“மாமா, இது நோட்டுல இருக்குதா?”

“இல்ல.”

“அப்ப என்னா செய்ய?”

நான் பக்கம் புரட்டினேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. கண் முன்னால் சாலை இருக்க, அடுத்த பக்கத்தில் உளுந்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன்.

ஓரத்தில் நின்றிருந்த உளுந்துக்காரர் எங்கள் வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார். “அப்படியே நடுவுல வாங்க! ஏறி வாங்க! நல்லா வாங்க!” சேகர் பிரேக்கைத் தொட்டான். கல்லு டயர், உளுந்துச் செடி. வண்டி தன் இஷ்டத்துக்கு வலது பக்கம் போய், இடது பக்கம் போய், ஒரு அரை வட்டம் போட்டு, அங்கேயிருந்து மறுபடி நேராகி, அந்த அரை கிலோமீட்டரையும் பாம்பு மாதிரிக் கடந்தது. பின்னால் இப்போது ‘கலகல’ இல்லை. ‘சலசல’ என்று ஒரு சத்தம், மணல் சரிவது போல. உளுந்துத் தோல் நொறுங்குகிறது என்று நான் விளக்கம் சொன்னேன்.

“நல்லா ஏறுனீங்க சார்! திரும்பும்போதும் இப்படியே வாங்க!” என்ற குரல் பின்னால் கேட்டது.

ரயில்வே கேட் வந்தபோது கேட்கீப்பர் கேட்டை இறக்கும் சக்கரத்தைச் சுற்றுவதற்குக் கை வைத்திருந்தார். கேட் மூடினால் எட்டு நிமிடம். “போ!” என்றேன். தண்டவாளங்கள் சாலைக்குக் குறுக்கே கோணலாகப் போகும் இடம் அது. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் மூன்று சக்கரமும் தனித்தனியாகக் குதித்தன. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. மடியில் மூடிகள் அசையாமல் இருந்தன. (இப்படிக் கேட்டைக் கடப்பது எவ்வளவு மடத்தனம் என்பது இன்று தெரிகிறது. அன்று கேட்கீப்பர் சொன்ன வார்த்தையை டைரியில்கூட எழுதவில்லை.)

7.04. சூளை வாசல். கோவிந்தராசு அண்ணன் வண்டி இல்லை. இலக்குப்படி பதினான்கு நிமிடம், ஒரு வினாடி பிசகில்லை. நான் இறங்கிக் கையைத் தூக்கினேன். டிவியில் அப்படித்தான் தூக்குவார்கள்.

செல்வி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “அதுக்குள்ள வந்துட்டீங்களா! எப்படிங்க?”

“அறிவியல்,” என்றேன்.

ரத்தினம் மேஸ்திரி கையில் பலகையும் பென்சிலுமாக வந்தார். “மொத நம்பரு லேப் சாரு. எறக்குங்க.”

நான் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். தார்ப்பாயைத் தூக்கினேன்.

தளம் முழுக்க வெள்ளை மாவு. சில ஓட்டுத் துண்டுகள். மாவுக்கு நடுவில் வட்ட வட்டமாக, முழுசாக, ஜாடிகளின் அடிப்பகுதிகள் மட்டும். அடி கனமாக இருக்கும் என்பதால் அவை தப்பித்திருந்தன. பல குப்புறப் புரண்டு, முத்திரை மேலே தெரியக் கிடந்தன. செல்வி. செல்வி. செல்வி. செல்வி. அட்டைச் சட்டம் வைத்து அடித்தது. எல்லாம் நேராக இருந்தன.

மேஸ்திரி குனிந்து பார்த்து, நிமிர்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“மொத நம்பரு நீங்கதான் சார். அதுல மாத்தம் இல்ல. சரக்குதான் எங்கன்னு தெரியல.”

செல்வி தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “வைக்கோலு எங்க?”

“வூட்டுல இருக்குது,” என்றேன். “பத்திரமா,” என்றும் சேர்த்தேன்.

சேகர் மெதுவாக வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். “அக்கா, நான் சொன்னேன் அக்கா. முப்பத்து மூணுன்னு யாரோ சொன்னாங்களாம் அக்கா,” என்று அங்கேயிருந்து குரல் வந்தது.

எண்ணினோம். எண்ணியது நான், அதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. முழு ஜாடி முப்பத்தொன்று. மூடி இருநூற்று ஐம்பது.

7.20க்குக் கோவிந்தராசு அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அதற்குள் சேகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் மேஸ்திரி அவரிடம் சொன்னார். ‘எடை’ என்ற இடத்தில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

செல்வி அழவில்லை. அவரிடம் நேராகப் போனாள். “அண்ணே, டிராலி எப்ப உள்ள போவுது?”

“நாளைக்கு மத்தியானம்தாம்மா. எப்பவும் அப்படித்தானே.”

“பாதித் தட்டு எனக்கு வுடுங்க. நாளைக்குக் காலையில எத்தினி முடியுதோ அத்தினி கொண்டாந்துடுறேன். வெயிலு இருக்குது, காஞ்சிடும்.”

அண்ணன் யோசித்தார். அவருக்கும் அது முழு வாரத்து விளக்கு. பாதியை வீட்டுக்குத் திரும்பத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் சொன்னார்: “வுடுறேன். ஆனா ஒண்ணு. அந்தச் சரக்கு ஆட்டோவுல வரக் கூடாது. என் வண்டிய எடுத்துக்குங்க. லேப் சாரு தள்ளிக்கிட்டு வரட்டும். ஏறி மிதிக்கக் கூடாது, தள்ளணும்.”

“தள்ளுவாரு,” என்றாள் செல்வி. என்னைக் கேட்கவில்லை.

அடுத்து எனக்கு இன்னொரு வேலை கொடுத்தாள். மெஹருன்னிசா அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். “நானே போயி சொன்னா என் சரக்கு மேல தப்புன்னு ஆயிடும். நீங்க போங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க.”

கல்யாண வீடு நிறையப் பெண்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்து, சர்பத் கொடுத்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எடை, பாரம், டயர், உளுந்து, கேட். சொல்லிக்கொண்டே வரும்போது புடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முடித்தபோது வீட்டில் ஒரு முறம்கூட அசையவில்லை.

அக்கா என்னை நிதானமாகக் கேட்டார். “அதாவது தம்பி, ரேஸுல நீங்க செயிச்சிட்டீங்க.”

“ஆமாங்கக்கா.”

“எஞ்ஜாடிதான் தோத்துப்போச்சி.”

“ஆமாங்க.”

“ரேஸுல கூட ஓடுனது யாரு?”

“கோவிந்தராசு அண்ணன். சைக்கிள் வண்டி.”

“அவருக்கு ரேஸு நடக்குறது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாதான் முதலில் சிரித்தது. பிறகு வீடே சிரித்தது. மணப்பெண் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு தடவை முழுசாக மறுபடி சொல்லும்படி ஆள் அனுப்பினாள். நான் மறுபடி சொன்னேன். சிரிப்பு அடங்கியதும் அக்கா மட்டும் சிரிக்காமல் இருந்தது தெரிந்தது.

“துபாயிலேருந்து அவரு வர்றாரு தம்பி. மொதப் பொண்ணு கல்யாணம். எல்லாரு கையிலயும் நம்ம ஊரு சாமான் ஒண்ணு இருக்கணும்னு நெனச்சேன்,” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “செல்விகிட்ட சொல்லுங்க. எத்தினி வருதோ வரட்டும். ஆனா வர்றது நல்லா இருக்கணும்,” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் கதை சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: குடும்பச் சூழ்நிலை. வீட்டில் செல்வி உடைந்த மண்ணையெல்லாம் வாளியில் போட்டு ஊற வைத்திருந்தாள். ‘செல்வி’ முத்திரைகள் ஒவ்வொன்றாக நீரில் கரைந்துகொண்டிருந்தன. அன்று முழுக்க அவள் ஊற்றினாள், கவிழ்த்தாள், பிரித்தாள். நான் அச்சைக் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னோடு பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. நான்கும் ‘பட்டை’. மறுநாள் காலைக்குள் எழுபத்தேழு ஜாடி. வேகமாகக் காய்ந்ததில் ஒன்பது விரிசல் விட்டன. அறுபத்தெட்டு. முந்தின முப்பத்தொன்றோடு சேர்த்துத் தொண்ணூற்றொன்பது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு முழ வைக்கோல் போட்டு, மூடிப் பையையும் ஓரத்தில் பத்திரப்படுத்தி, கோவிந்தராசு அண்ணன் வண்டியைத் தள்ளினேன். ஒரு பக்கம் செல்வி, கையால் தார்ப்பாயைத் தொட்டபடி நடந்து வந்தாள். எங்களைப் பஸ்கள் முந்தின, சைக்கிள்கள் முந்தின, ஸ்ரீமுஷ்ணத்துக்கு நடந்து போகிற ஒரு பஜனைக் கூட்டம் முந்தியது. உளுந்துக்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“என்னா சார், நேத்தி ஆட்டோவுல பறந்தீங்க, இன்னிக்கி நடக்குறீங்க?”

செல்வி பதில் சொன்னாள். “ரேஸு முடிஞ்சிடுச்சிங்க.”

“யாரு செயிச்சது?”

“இவருதான்.”

அவர் என்னை மரியாதையோடு பார்த்து, எங்களுக்காக உளுந்தை ஒரு ஓரமாக ஒதுக்கி வழி விட்டார். ரயில்வே கேட்டில் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் தண்டவாளத்தின் மேல் தூக்கி வைத்து இறக்கினேன். கேட்கீப்பர் அதை முழுவதும் பார்த்தார். ஏழு கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். உடைந்தது ஒன்றுமில்லை. கடைசி அரை கிலோமீட்டரில் செல்வி, “கையி வலிக்கிதா?” என்று கேட்டாள். வேலை தொடங்கியதிலிருந்து அவள் என்னிடம் பேசியதில் பட்டை அல்லாத முதல் பேச்சு அது.

வழக்கமான வேகத்தில், வைக்கோலோடு, பதினைந்து நிமிடம் முன்னதாக, 6.35க்குக் கிளம்பியிருந்தால் திங்கட்கிழமை 7.10க்கே போய்ச் சேர்ந்திருப்போம் என்று பின்னால் செல்விதான் ஒரு நாள் சொன்னாள். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கல்யாணத்தில் தொண்ணூற்றொன்பது ஜாடி, இருநூற்றுக்கு மேற்பட்ட குடும்பம். அக்கா அதைச் சாமர்த்தியமாகச் செய்தார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஜாடி, உள்ளூர்க்காரர்களுக்குக் காகிதப் பெட்டி. உள்ளூர்க்காரர்களுக்கு வந்ததே கோபம். ஜாடி கிடைத்தவர், கிடைக்காதவர் என்று அந்தச் சொந்தபந்தம் கொஞ்ச நாள் இரண்டாகப் பிரிந்தே இருந்தது. கிடைக்காதவர்களில் பதினோரு பேர், ஜாடியின் அடியில் இருந்த பெயரை விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். செல்வியின் பட்டறை நிலைத்து நின்றது அப்படித்தான். இதில் என் பங்கு என்ன என்று நான் கேட்டதில்லை. (ஒரு தடவை கேட்டேன். அதோடு சரி.)

நோட்டை அதற்குப் பிறகு தொடரவில்லை. டிவியில் பந்தயம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து எந்தச் சரக்கு வெளியே போனாலும், வண்டிக்கு முன்னால் நடந்துபோய்ப் பள்ளம் காட்டுவது மட்டுமே என் வேலை என்றாகிவிட்டது. இருபது ஆண்டாக அதில் யாரும் குறையொன்றும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டு கழித்து எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று சேகர் வண்டியோடு வந்திருந்தான். இப்போது பயணிகள் ஆட்டோ வாங்கியிருந்தான். செல்வி குழந்தையோடு உட்கார்ந்தாள், என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால் சேகர் பக்கத்தில் ஏறப் போனேன்.

“நீங்க எங்க ஏறுறீங்க?” என்றாள் செல்வி.

“வூட்டுக்கு.”

“நீங்க பஸ்ஸுல வாங்க.”

“நான் சும்மாதானே உக்காரப் போறேன்? வாயே தொறக்க மாட்டேன்.”

“தொறக்காம இருப்பீங்க. வேகமாப் போன்னு கால வெச்சி தரைய அழுத்துவீங்க. சேகருக்கு அது போதும்.”

சேகர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தான். மாமியார் என் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று விசாரித்தார்.

நான் பஸ்ஸில் போனேன். வீடு வந்து சேர்ந்தபோது மணி 11.25. அவர்கள் வந்தது 11.52. அதுவரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சேகர் நடந்து வருகிற வேகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். செல்வி இறங்கி, குழந்தையை என்னிடம் நீட்டுவதற்கு முன்பு, வாசலில் தனியாக நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னிக்கும் நீங்கதான் மொதல்ல வந்தீங்களா?” என்றாள்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தோழிகள் யார் வீட்டுக்கு வந்தாலும், சரக்குப் பலகைகளையும் பட்டறையையும் சுற்றிக்காட்டிவிட்டு, கடைசியாக என்னிடம் கூட்டி வந்து நிறுத்துகிறாள். “இவருதான் எங்கப்பா. நான் பொறந்து வூட்டுக்கு வந்தப்ப இவர என்கூட வண்டியில ஏத்த மாட்டேன்னுட்டாங்க,” என்று அறிமுகப்படுத்துகிறாள். அந்தப் பெண்கள் ஏன் என்று கேட்கிறார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.